மந்திரியா இருந்தா ஜட்ஜ் ஆகக்கூடாதா?

ஞாயித்துக்கிழமை சேலம் அஸ்தம்பட்டி கூட்டத்துல நடந்ததை எல்லாரும் பாத்திருப்பீங்க, வீடியோ குரூப் குரூப்பா சுத்துது. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் பேரை நான் எடுத்ததுக்கே மைக்கைப் புடுங்கிட்டாங்க. "மந்திரியா இருந்த ஆளு எழுதுனதெல்லாம் ஒரு தீர்ப்பா"ன்னு ஒரு கேள்வி, அதுக்குக் கைதட்டல் வேற. பெரியவங்க, நல்லா இருக்கட்டும்.

ஆமாங்க, மந்திரிதான். 1957ல கேரளாவுல இ.எம்.எஸ். அமைச்சரவையில சட்டம், உள்துறை, சிறை எல்லாம் பாத்தவரு. யாரு மறைச்சா? 1948ல ஒரு மாசம் ஜெயிலுக்குள்ளயே இருந்துட்டு வந்தவரு. 1950ல நம்ம சேலம் ஜெயில்ல 22 கைதிங்களைச் சுட்டாங்களே, அதுல முக்காவாசிப் பேரு மலபார்க்காரங்க, இவரு வக்கீலா நின்ன அதே சீமை. அந்த ஆளு 1973ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போறப்போ ஜெயிலை மறந்துட்டுப் போகணுமா? உக்காந்த நாற்காலியப் பாக்காதீங்க, எழுதுனதப் பாருங்கன்னுதான் சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன்.

மோத்திராம்னு ஒரு கொத்தனாரு, 1978 கேஸ். ஜாமீன் கிடைச்சும் வெளிய வர முடியல, பத்தாயிரத்துக்கு ஆள் ஜாமீன் கேட்டாங்க, கூடப்பொறந்தவரு வந்தா வேற மாவட்டம்னு தள்ளிட்டாங்க. கிருஷ்ணய்யர் வேற ஆள் கேக்காம ஆயிரம் ரூபா சொந்த ஜாமீன்ல விடச் சொன்னாரு.

எங்கப்பா இங்க வக்கீல் குமாஸ்தா. எண்பதுகள்ல ஏற்காட்டு காப்பி எஸ்டேட் கூலியாள் ஒருத்தரு ஏதோ அடிதடி கேஸ்ல மாட்டுனாரு, ஜாமீன் உத்தரவு கையில இருக்கு, ஆனா சொத்து வரி ரசீதோட ரெண்டு பேரு வேணும். எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கறவருக்கு ரசீதுக்கு எங்க போறது? அப்பா ராத்திரி உக்காந்து இந்த மோத்திராம் தீர்ப்பைக் கையாலயே எழுதியெடுத்து வக்கீல் ஐயாகிட்ட குடுத்தாரு, மூணாம் நாள் அந்த ஆளு வெளிய. அப்புறம் ஆரஞ்சு சீசன் வந்தா வீட்டுக்கு ஒரு பை வந்துரும், அப்பா வேணாம்னாலும் திண்ணையில வச்சுட்டுப் போயிடுவாரு. இதை எழுதுனவரு எந்தக் கட்சின்னு அந்தாளும் கேக்கல, எங்கப்பாவும் கேக்கல.

உடனே வருவீங்க, "அப்போ ரிட்டயர் ஆகி பதவி வாங்குனா மட்டும் தப்பா"ன்னு. நம்ம பவானி பக்கத்து சதாசிவம் ஐயா 2014 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி பதவி முடிச்சு செப்டம்பர்ல கேரள கவர்னர். தப்புன்னு நான் சொல்லல. ஆனா முன்னாடி இருந்ததும் பின்னாடி கிடைச்சதும் ஒண்ணு இல்லீங்க, பின்னாடி வர்றதுதான் எழுதுற கையை இழுக்கும். "கிருஷ்ணய்யரும் 1987ல ஜனாதிபதிக்கு நின்னாரே"? ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் கழிச்சு நின்னாரு, தோத்தாரு, விடுங்க.

1975 ஜூன் 24. இந்திரா காந்தி ஜெயிச்ச தேர்தல் செல்லாதுன்னு அலகாபாத் ஹைகோர்ட் சொல்ல, அந்தத் தீர்ப்புக்கு ஸ்டே, அதாவது தடை, கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தாங்க. கிருஷ்ணய்யர், அவங்க பிரதமரா நீடிக்கலாம், லோக்சபாவுல ஓட்டுப் போடக்கூடாதுன்னு எழுதுனாரு. முன்னாடியே சட்ட மந்திரி பாக்கணும்னு போன் பண்ணப்போ, ரிஜிஸ்ட்ரியில மனு குடுங்கன்னு சொல்லிட்டாரு. ஸ்டே குடுத்ததே தப்புன்னு ஒரு கூட்டம் திட்டுது, முழுசா குடுக்கலன்னு இன்னொரு கூட்டம். அப்ப அவரு யாரோட ஆளுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க.

என்னைய எந்தக் கட்சின்னு இன்பாக்ஸ்ல கேக்குறாங்க. பதில் போடல. கைதட்டுனதுல ரெண்டு பேரு வீட்டுக்கு எங்கப்பா சைக்கிள் மிதிச்சு ஜாமீன்தாரர் தேடிக் குடுத்திருக்காரு, பேரு போட மாட்டேன். வீடியோவுல முதல் வரிசையிலயே உக்காந்திருக்காங்க.