ரெண்டு நாளைக்கு ஒரே ஊர் போதுங்க

வாட்ஸ்அப் குரூப்ல இப்படி ஒரு திட்டம் அடிக்கடி சுத்தும். வெள்ளி ராத்திரி பஸ், சனிக்கிழமை பாரிஸ், ஞாயிறு காலைல பிரஸ்ஸல்ஸ், மத்தியானம் ஆம்ஸ்டர்டாம், மறுபடி ராத்திரி பஸ், திங்கக்கிழமை நேரா வகுப்பு. ஜெர்மனில படிக்கிற, படிக்கப் போற நம்ம கொங்குப் பக்கத்துத் தம்பி தங்கச்சிங்களுக்குச் சொல்றேன், இதுக்குத் தலையாட்டாதீங்க. ரெண்டு நாளைக்கு ஒரு ஊர், ஒரு ராத்திரி, நாலு பேர். அவ்வளவுதான்.

காரணம் இருக்குங்க. ராத்திரி பஸ் விடியக்காலம் ஆறு மணிக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும், பல ஊர்ல அதுவும் ஊருக்கு வெளியில. ஹாஸ்டல்ல, அதாவது பயணிங்க படுக்கையை வாடகைக்கு எடுத்துத் தங்கற இடத்துல, ரூம் கிடைக்க மத்தியானம் மூணு மணி ஆகும். தூக்கமில்லாத உடம்போட, முதுகுல பையோட, ஒம்போது மணி நேரம் தெருவுல நிக்கணும். அப்பறம் அடுத்த ஊருக்கு ரெண்டு மணி நேரந்தான்னு ஆப் காட்டும். ஸ்டேஷனுக்குப் போறது, காத்திருக்கறது, லாக்கர் தேடறது, அந்த ஊர் ட்ராம் டிக்கெட் எப்படின்னு கண்டுபுடிக்கறது எல்லாம் சேந்தா அரை நாள் போயிடும். ஒரே நாள்ல ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு வேன்ல சுத்திட்டு வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, வளைவுகளைத் தவிர வேற எதுவும் ஞாபகம் இருக்காது.

கையில டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுக்கச் செல்லற மாசப் பாஸ், இருந்தா பயணச் செலவே கிட்டத்தட்ட இல்லை. 2023 மே மாசம் 49 யூரோவுல ஆரம்பிச்சது, 2025-ல 58 ஆச்சு, 2026 ஜனவரில இருந்து 63. மாணவர்களுக்குப் பல யுனிவர்சிட்டில செமஸ்டர் கட்டணத்தோடயே இதைவிடக் குறைஞ்ச விலையில வந்துடும். ஆர்இ, ஆர்பி, எஸ்-பான்ங்கற பக்கத்து ஊர் ரயில், ஊருக்குள்ள ஓடற ட்ராம், பஸ் எல்லாத்துலயும் செல்லும். ஐசிஇ, ஐசி, இசிங்கற தொலைதூர வண்டில செல்லாது. தெரியாம ஏறிட்டா அபராதம் 60 யூரோவுல தொடங்கும். வண்டி தாமதம்னா சாதாரண டிக்கெட்காரங்க ஐசிஇ-ல ஏற வழி உண்டு. இந்த டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, அங்கதான் நம்ம பசங்க நிறையப் பேர் மாட்டறாங்க. யுனிவர்சிட்டி மூலமா இல்லாம தனியா மாசச் சந்தா எடுத்தவங்க நிறுத்தணும்னா அந்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள சொல்லணும். பதினொண்ணாம் தேதி சொன்னா அடுத்த மாசக் காசும் போகும்.

கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட் பக்கம் படிக்கறவங்களுக்கு என் முதல் சிபாரிசு ஸ்ட்ராஸ்பர்க். பிரான்ஸ்தான், ஆனா எல்லையில இருக்கற கேல் ஸ்டேஷன் வரைக்கும் உங்க டிக்கெட்டே போதும். அங்க இறங்கினா டி நம்பர் ட்ராம். 2017-ல இருந்து அது ரைன் ஆத்தைத் தாண்டி ஓடுது, அரை மணி நேரத்துக்குள்ள ஊர் நடுவுல இறக்கிவிடும். இந்த ட்ராமுக்குத் தனியா டிக்கெட் வேணும். அதையும் ஏறறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரத்துல இருக்கற மெஷின்ல பதிவு பண்ணணும். வாங்கிப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா வாங்காததுக்குச் சமம்.

ஊருக்குள்ள அவசரமே வேண்டாம். சிவந்த மணற்கல்லுல கட்டின கதீட்ரல், கோபுரம் 142 மீட்டர். ஒரு காலத்துல இருநூறு வருசத்துக்கும் மேல உலகத்துலயே உசரமான கட்டடமா இருந்தது அதுதான். 66 மீட்டர்ல இருக்கற மேடை வரைக்கும் படி ஏறலாம். உள்ள இருக்கற வானியல் கடிகாரத்துல மதியம் 12:30-க்குச் சீடர் பொம்மைகள் இயேசு முன்னாடி ஒவ்வொண்ணா வரும், நடுவுல சேவல் ரெக்கையை அடிச்சுக் கூவும். கொஞ்சம் முன்னாடியே போய் நில்லுங்க. சாயங்காலம் பெட்டிட் பிரான்ஸ்ங்கற பழைய பகுதில வாய்க்கால் ஓரமா நடங்க. டிசம்பர்ல மட்டும் போகாதீங்க. 1570-ல தொடங்கின கிறிஸ்துமஸ் சந்தைக்கு அப்ப ஊரே திரளும், படுக்கை வாடகை தாறுமாறா ஏறிடும்.

ஆள் கணக்கு ஏன் நாலு? நாலு படுக்கை ரூமை முழுசா எடுத்தா அது உங்க ரூம். ரயில்ல எதிரெதிரா நாலு சீட்டு. பத்துப் பேருன்னா பல ஹாஸ்டல்ல தனி விதி, முன்பணம், கேன்சல் பண்ணினா திரும்ப வராது. போதாததுக்கு ஒருத்தர் கிளம்ப லேட்டானா ஒம்போது பேரும் வண்டியை விடணும். ஹாஸ்டலுக்குச் சின்னப் பூட்டும் துண்டும் கொண்டுபோங்க, பல இடத்துல ரெண்டுக்கும் வாடகை கேப்பாங்க.

இன்னொரு முக்கியமான விசயம், வண்டி ரெண்டாப் பிரியறது. சில வழித்தடத்துல ஒரே ரயில் பாதி வழியில பிரியும், முன் பெட்டிகள் ஒரு ஊருக்கு, பின் பெட்டிகள் வேற ஊருக்கு. பிளாட்ஃபாரத்துல ஏ, பி, சின்னு எழுத்து தொங்கும். போர்டுல உங்க ஊர் பேருக்கு எந்த எழுத்து போட்டிருக்கோ அங்க நின்னு ஏறுங்க. ஏறினதும் பெட்டிக்குள்ள ஓடற போர்டை ஒருக்கா பாத்துக்கங்க. ரெண்டு பேர் முன்னால, ரெண்டு பேர் பின்னால உக்காந்துட்டு வெவ்வேற ஊர்ல போய் இறங்கறது இப்படித்தான்.

எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு ரெண்டும் அசலாக் கையில இருக்கணும். போன்ல எடுத்த போட்டோ செல்லாது. 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனி தன்னோட எல்லா நில எல்லையிலயும் சோதனை வெச்சிருக்கு, திரும்பி வரும்போது ட்ராம்லயே கேக்கலாம். கார்டு இன்னும் வரலை, அதுக்குப் பதிலாக் குடுத்த காகிதந்தான் இருக்குன்னா உள்நாட்டு ஊராவே பாத்துக்கங்க. அரசு இன்சூரன்ஸ் கார்டோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, அது ஐரோப்பிய மருத்துவக் கார்டு. பிரான்ஸ்ல காய்ச்சல் வந்தாலும் அது உதவும்.

சாப்பாடு. சனிக்கிழமையே வாங்கி வெச்சிருங்க, ஞாயித்துக்கிழமை ஜெர்மனில பெரும்பாலான கடை மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள்ள இருக்கறது திறந்திருக்கும். கட்டுச்சோறுன்னா புளிச்சோறு, இல்லாட்டி சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். அரிசிம்பருப்பு சூடா இருக்கற வரைக்கும் அமிர்தம், ஆறினா இறுகிக் கட்டியாப் போயிடும், நெய் எவ்வளவு ஊத்தினாலும் மசியாது. அதுக்குப் பதிலா வீட்ல இருந்து வந்த பருப்புப்பொடியைச் சின்ன டப்பால எடுத்துக்கங்க, ஹாஸ்டல் சமையலறைல சோறு மட்டும் வடிச்சாப் போதும். குழாய்த் தண்ணியைக் குடிக்கலாம். ஜெர்மனில பாட்டில் வாங்கினாத் தூக்கிப் போடாதீங்க, கடை மெஷின்ல பெரும்பாலும் 25 சென்ட் திரும்ப வரும்.

ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்கிப் படிக்கப் போன புள்ளை ஊர் சுத்துதேன்னு வெசனப்படாதீங்க. விசாவுக்காக பிளாக்ட் அக்கவுன்ட்ல போட்ட பணம் மாசம் 992 யூரோதான் வெளிய வருது. அதுல வாடகையும் இன்சூரன்ஸும் போக மிஞ்சறதை எண்ணி எண்ணிச் செலவு பண்ற புள்ளைங்க அவங்க. மேல சொன்ன மாதிரி போனா ஆளுக்கு 80 யூரோவை ஒட்டி முடிஞ்சுடும். வாரம் முழுக்க லேபும் பகுதிநேர வேலையுமா இருக்கறவங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இது வேணும்னுதான் நான் சொல்லுவேன். கிளம்பறதுக்கு முன்னாடி ஹாஸ்டல் பேரும் விலாசமும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கு நீங்க கூப்பிட்டா அங்க கோடையில ஆறரை, குளிர்காலத்துல அஞ்சரை, நடந்துக்கிட்டு இருப்பாங்க. போன் எடுக்கலைன்னாப் பதறாதீங்க.

திரும்பறதுக்குக் கடைசி வண்டியை நம்பவே நம்பாதீங்க. ஞாயிறு சாயங்காலம் கூட்டமும் அதிகம், ரத்தாகறதும் அதிகம். கடைசிக்கு ரெண்டு வண்டி முன்னாடி ஏறுங்க. ஏறி உக்காந்ததும் கணக்கைத் தீருங்க. ஒருத்தரே எல்லாத்துக்கும் கார்டு தேய்ச்சு, செலவைப் பிரிக்கற ஆப்ல அப்பப்போ போட்டுக்கிட்டே வந்தா அஞ்சு நிமிசம். யாரு எவ்வளவு தரணுமோ அந்த ரயில்லயே அனுப்பிடணும், ரூம் போய்ச் சேந்த பொறவு யாருக்கும் கேக்க வாய் வராது.