280 பெரிசா, 88 பெரிசா? போதும்டா சாமி

மறுபடியும் அதே வீடியோ. திரையை ரெண்டாக் கிழிச்சு, இந்தப் பக்கம் ஒரு டெத் மெட்டல் (காதைப் பிளக்கிற அதிரடி ராக்) டிரம்மர், அந்தப் பக்கம் ஒரு பியானோ. டிரம்மருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 280. பியானோவுக்குக் கீழே 88. ரெண்டும் நிமிஷத்துக்கு எத்தனை பீட்டுங்கிற வேகக் கணக்காம். நடுவுல ஒரு தீ எமோஜி. தீர்ப்பு வந்தாச்சு, பியானோ மேதை ஷோபின் அவுட். கீழே நாலாயிரம் பேர் கைதட்டியாச்சு.

அந்த 88 எங்கேருந்து வந்துச்சுன்னு போட்ட மகராசனுக்குத் தெரியுமா? அது ஷோபினோட ஓபஸ் 10-ங்கிற தொகுப்புல நாலாவது எட்யூட், அதாவது பயிற்சிப் பாட்டு. நோட்டேஷன்ல முதல் வரிக்கு மேலேயே மெட்ரோனோம் கணக்கு, அதாவது நிமிஷத்துக்கு எந்த நோட்டு எத்தனைன்னு, போட்டிருக்கும். 88-ங்கிற நம்பரைப் பார்க்கத் தெரிஞ்ச கண்ணுக்கு, அதுக்கு இடது பக்கம் காம்பு வச்சு, உள்ளே வெள்ளையா ஒரு முட்டை இருக்கே, அது தெரியலையா? அது அரை நோட்டு ஐயா, கால் (1/4) நோட்டு ரெண்டு சேர்ந்த நீளம். நிமிஷத்துக்கு 88 அரை நோட்டு. ஒரு அரை நோட்டுக்குள்ள பதினாறாம் நோட்டு எட்டு. எட்டால பெருக்கினா 704, அறுபதால வகுத்தா நொடிக்கு 11.7 ஸ்வரம். மெட்டல்காரங்க எண்ணுற கால் நோட்டுக் கணக்குல சொன்னா 176. படியில அளந்த அரிசியையும் ஆழாக்குல அளந்த அரிசியையும் பக்கத்துல வச்சுட்டு, எண்ணிக்கை ஜாஸ்திங்கிறதால ஆழாக்குக்காரர்கிட்டதான் அரிசி அதிகம்னு சொல்ற அறிவாளித்தனம் இது.

சரி, 280-ஐயாவது ஒழுங்கா எண்ணினாங்களா? வீடியோவுல அவர் வாசிக்கிறது பிளாஸ்ட் பீட். காலால அடிக்கிற பேஸ் டிரம்மும் கையால அடிக்கிற ஸ்னேர் டிரம்மும் மாறி மாறி விழுது. ஸ்னேர்ல மட்டும் நொடிக்கு ஒன்பது அடிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பீட்டுக்கு ரெண்டு ஸ்னேர்னு எண்ணினா 280. நாலு ஸ்னேர்னு எண்ணினா அதே வாசிப்பு, அதே கை, அதே வேர்வை, 140! முதல் காலமா ரெண்டாம் காலமான்னு முடிவு பண்ணாம வேகத்தைச் சொன்னா அது வேகமே இல்ல, விளம்பரம்.

இன்னொரு கூத்து. 280-ல டபுள் பேஸ், அதாவது ரெண்டு பெடலை ரெண்டு காலால மாத்தி மாத்தி மிதிக்கிறது, முழுசாப் பதினாறாம் நோட்டா ஓடினா நொடிக்கு 18.7 அடி. "பார்த்தியா, 11.7 எங்க, 18.7 எங்க!"ன்னு அடுத்த ரவுண்டு கிளம்பும். அது ரெண்டு கால் சேர்ந்து அடிக்கிறது. ஒரு காலுக்கு 9.3. ஷோபின்ல அந்த ஓட்டம் பெரும்பாலும் ஒரு நேரத்துல ஒரு கைக்குத்தான். உடனே பியானோ கோஷ்டி துள்ள வேண்டாம். கைக்கு அஞ்சு விரல், வேலையைப் பங்கு போட்டுக்கும். காலுக்கு ஒரே பீட்டர், பெடல்ல இருக்கிற சுத்தி. ஒரே கணுக்கால் நொடிக்கு ஒன்பது தடவை போயிட்டு வரணும். இதுல எது கஷ்டம்னு நொடிக்கணக்கு எப்படிச் சொல்லும்?

கஷ்டம் இருக்கிற இடத்தை ஒருத்தனும் பார்க்கிறதில்ல. அதே ஓபஸ் 10-ல ரெண்டாவது எட்யூட், கால் நோட்டு 144. நம்பரைப் பார்த்தா சாது. வலது கையோட 3, 4, 5 விரல்கள் (கட்டை விரல்தான் 1) மட்டும் குரோமேட்டிக் ஸ்கேலை, அதாவது வெள்ளை கறுப்புன்னு ஒரு கட்டையையும் விடாம, மேலேயும் கீழேயும் இழுத்துக்கிட்டே இருக்கணும், லெகாட்டோவா, இடைவெளி விழாம. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஸ்கேலுக்கு உதவிக்கு வராது. அதுங்களுக்கு அடியில குட்டிக் குட்டியா கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) தட்டுற வேலை. அதனால மூணாவது விரல் அஞ்சாவது மேலே ஏறித் தாண்டணும். நாலாவதும் மூணாவதும் புறங்கையில தசைநாரால கட்டிப்போட்டவை, ஒண்ணு தூக்கினா இன்னொண்ணு கூடவே வரும். அழுத்தி வாசிச்சா ரெண்டாவது பக்கம் வர்றதுக்குள்ள முன்கை கல்லாயிடும். அதனால லேசா, சத்தமில்லாம வாசிக்கணும். சத்தமில்லாம! இதை எந்த வீடியோவுல எந்த நம்பரா போடுவீங்க?

அந்தப் பக்கமும் அதே கதைதான். மெஷுகாங்கிற மெட்டல் பேண்டோட ‘பிளீட்’ பாட்டு, 2008-ல வந்த ‘ஆப்சென்’ ஆல்பம். வேகம் சுமார் 115. இந்த வீடியோக்காரர் கொட்டாவி விட்டுத் தள்ளிடுவார். அவங்க டிரம்மர் டோமாஸ் ஹாக்கேவோட கால்ல ஒரு பொடி இரட்டை அடி, அதுக்குப் பின்னால ஒற்றை அடிகள். அந்தக் கட்டு, மேலே கை போடுற நாலுக் கணக்கோட ஒட்டாம நழுவிக்கிட்டே போகும். சீரா ஓடுற பதினாறாம் நோட்டுல ஒரு கால் தடுமாறினா குதிரை ஓடுற மாதிரி லொடக்குன்னு கேட்கும், ரெண்டு பாரில், அதாவது ரெண்டு தாளச் சுத்துல, சமாளிச்சுடலாம். இங்க ஒரு இரட்டை அடி பிசகினா திரும்பி வந்து சேர இடமே கிடையாது. ஏழு நிமிஷத்துக்கு மேல இப்படி. 115-ல.

உடனே பியானோ வகுப்பு மேதாவி ஒருத்தர் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு வருவார். "டிரிகர் வச்சுத்தானே அடிக்கிறாங்க, எல்லாம் ஏமாத்து." கேளுங்க சாமி. 280 மாதிரி வேகத்துல பீட்டர் பின்னால போய் வர தூரமே கிடையாது, அடியில பலம் இருக்காது. 22 இஞ்ச் பேஸ் டிரம்மோட கார்வை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வெறும் சேறாத்தான் கேட்கும். அதனால தோல்ல ஒரு சென்சார் மாட்டி, அடி விழுந்ததும் பதிவு பண்ண ஒரு ‘டக்’ வர்ற மாதிரி பண்றாங்க. பலம் கடனா வாங்கினது, ஒத்துக்கறேன். தாளத்தை யார் கடன் கொடுப்பா? ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி தனித்தனியாக் கேட்கிறதால, இடது கால் ஒரு மயிரிழை பிந்தினாலும் ஊருக்கே தெரியும். திரெஷோல்டைக் கம்மியா வச்சுட்டா பக்கத்து டாம் டிரம்மை அடிச்சதுக்குக்கூட பேஸ் டிரம் பேசும், அந்த அவமானம் வேற.

அப்புறம், கருவி உதவி பண்ணாத வித்வான் யாருங்க? 1821-ல பியானோ செய்யிற எரார் பேட்டன்ட் வாங்கின டபுள் எஸ்கேப்மென்ட் இல்லாம பியானோ வித்வான் லிஸ்ட்டோட ‘லா காம்பனெல்லா’ எங்க? கட்டை முழுசா மேலே வர்றதுக்கு முன்னாடியே சுத்தியலைத் திரும்ப அடிக்க வைக்கிற ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு இல்லாத சாதாரண அப்ரைட் பியானோவுல அதே ஸ்வரத்தைத் தொடர்ந்து தட்டுற இடத்துக்கு வந்தா பாதி ஸ்வரம் ஊமை. அதை யாரும் ஏமாத்துன்னு சொல்றதில்லையே? மரத்துல செஞ்சா கலை, ஒயர் போட்டா மோசடியா?

மெட்டல் கிட்டாரோட கரகர சத்தம் இருக்கே, டிஸ்டார்ஷன், அந்தக் கதையும் இதேதான். அழுத்தி அடிச்சாலும் மெதுவா அடிச்சாலும் ஒரே சத்தம் வரும், உண்மை. பியானோக்காரர் உசுரைக் கொடுக்கிற நயம் அதுல கிடையாது. ஆனா தொடாத கம்பி அதிர்ந்தாலும் அதே சத்தத்துல கத்தும். ஸ்வீப் பண்ணும்போது, அதாவது கம்பிகளை ஒரே இழுப்புல வரிசையா மீட்டும்போது, இடது கை விரலை அடுத்த கம்பிக்குப் போற அந்த நொடியே தளர்த்தலைன்னா ஒவ்வொண்ணா வர வேண்டிய ஆர்பெஜியோ கார்டாகி, கார்டு குப்பையாயிடும். மறைக்க பியானோ மாதிரி பெடல் கிடையாது.

நம்பர்தான் வேணும்னா மெஷினுக்கு மாலை போடுங்க. நெக்ரோஃபாஜிஸ்ட்ங்கிற டெத் மெட்டல் பேண்டோட முதல் ஆல்பத்துல, 1999-ல, டிரம்ஸ் வாசிச்சது மனுஷனே இல்ல, புரோகிராம். பியானோவுல அதுக்கும் முன்னாடியே இசையமைப்பாளர் கான்லன் நான்காரோ மெக்ஸிகோவுல உட்கார்ந்து காகிதச் சுருள்ல கையால ஓட்டை போட்டு, எந்த விரலாலயும் முடியாததைத் தானியங்கிப் பியானோவுல ஓட விட்டாச்சு. ரெண்டு பக்கமும் கோப்பை இயந்திரத்துக்குப் போயாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க.

"மொஸார்ட் இப்ப இருந்தா மெட்டல் பேண்டுலதான் இருப்பார்" கோஷ்டிக்குத் தனியாப் பதில் சொல்ல இப்ப தெம்பில்ல.

ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். கை கால் வேகத்தைப் பத்தின வீடியோவுல காலைக் காட்டுனா என்ன? 280, 280-ன்னு கத்திட்டு, கேமரா அவர் தலைமுடியில நிக்குது. பெடல் இருக்கிற பக்கமே திரும்பல. பியானோ போட்டி ஒளிபரப்புலயும் இதே கொடுமை. வலது கை ரெண்டு ஆக்டேவ் தாவுற இடம் வந்தா போதும், கண்ணை மூடின முகத்துக்கு ஒரு க்ளோசப், அப்புறம் கூரையில தொங்குற சரவிளக்கு. சரவிளக்கா ஐயா வாசிக்குது?