ஃபிகர் ஸ்கேட்டிங்கில் யார் முதலில் வந்தார்கள்

பனித்தளத்தில் சறுக்கியபடி தாவல்களும் சுழற்சிகளும் செய்யும் ஃபிகர் ஸ்கேட்டிங் தொடக்கத்தில் பெண்களுக்கான போட்டியாகவே இருந்தது என்றும், ஆண்கள் பிற்பாடுதான் அதில் நுழைந்தார்கள் என்றும் இங்கே பலர் பகிர்ந்து வருகிறார்கள். பதிவாகியுள்ள வரலாறு இதற்கு நேர்மாறானது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். 1896இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த முதல் உலகப் போட்டியில் கலந்துகொண்ட நால்வருமே ஆண்கள்; பெண்களுக்கெனத் தனிப் போட்டி 1906இல்தான் டாவோஸில் தொடங்கியது. இடையில், பெண்களுக்குத் தடை என்று விதிகளில் எங்கும் எழுதப்படாததைக் கவனித்து, 1902இல் லண்டனில் ஆண்களோடு களமிறங்கிய இங்கிலாந்தின் மேட்ஜ் சையர்ஸ், சுவீடன் வீரர் உல்ரிக் சால்கோவுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றார். மறு ஆண்டே சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பெண்களுக்குத் தடை விதித்தது, நீண்ட பாவாடை கால் அசைவை நடுவர்களிடமிருந்து மறைக்கிறது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று (ஆண்களோடு மோதி இரண்டாமிடம் பெற்றவருக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்!).

இதைச் சரிபார்க்க விரும்புவோர், அச்சங்கத்தின் உலகச் சாம்பியன் பட்டியல்களில் ஆண்கள் பிரிவும் பெண்கள் பிரிவும் எந்த ஆண்டில் தொடங்குகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். அல்லது அடுத்த போட்டியின் வர்ணனையைச் சற்றுக் கவனியுங்கள்: ஆக்சல், சால்கோவ், லுட்ஸ் என்று வர்ணனையாளர் சொல்லும் தாவல்களின் பெயர்கள் மூன்றும் ஆண் வீரர்களிடமிருந்து வந்தவை.