ஹைபேக் இல்லாத பைண்டிங் உடைந்த பைண்டிங் அல்ல

சனிக்கிழமை பனிமலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டின் வரிசையில் நடந்ததை முழுதாக எழுதப்போவதில்லை. நம்மில் பலரைப் பனியில் முதலில் நிற்க வைத்த அண்ணன், என் ஸ்னோபோர்டின் (பனிச்சறுக்குப் பலகையின்) பைண்டிங்கில் ஹைபேக் என்ற பின்தகடு இல்லாததைப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தார். பாதிப் பேர் அங்கேயே நின்றிருந்தீர்கள். மற்றவர்களுக்கு அன்று மாலைக்குள் செய்தி எட்டிவிட்டது. "விளையாட்டாகத்தானே சொன்னார், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று சிலர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் மனத்தில் இருந்து போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் ஸ்னோபோர்டு உடைந்திருக்கவில்லை. பைண்டிங்கில் எதுவும் தொலைந்துபோகவில்லை. மலிவு விலையில் பாதிப் பொருளை வாங்கி ஏமாறவும் இல்லை. ஹைபேக்கை நான்தான் கழற்றினேன். தெரிந்து, யோசித்து, வீட்டு மேசையில் வைத்துத் திருகுகளை எடுத்துக் கழற்றினேன். கழற்றியவை வீட்டில் பத்திரமாக இருக்கின்றன.

ஸ்னோபோர்டு பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பூட்ஸை பலகையோடு பிணைக்கும் சாதனம்தான் பைண்டிங். அதில் அடித்தட்டு உண்டு, குதிகாலைச் சுற்றி ஒரு வளைவு உண்டு, கணுக்காலுக்கு ஒரு பட்டை, விரல்களுக்கு ஒரு பட்டை. இவற்றோடு, காலின் பின்பக்கத்தை ஒட்டிக் கெண்டைக்கால்வரை எழும்பி நிற்கும் ஒரு தகடு இருக்கிறது. அதுதான் ஹைபேக். குதிகால் பக்கம் திரும்பும்போது கெண்டைக்கால் அதன்மேல் சாய்கிறது, அது நெம்புகோலாக வேலை செய்கிறது, பலகையின் விளிம்பு பனியைக் கடிக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். காலைப் பலகையில் பிடித்து வைப்பது அதன் வேலை அல்ல, அதைப் பட்டைகள் செய்கின்றன. "ஹைபேக் இல்லாவிட்டால் கால் கழன்று வந்துவிடும், பலகை தனியாக ஓடி யாரையாவது இடித்துவிடும்" என்று அன்று வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி அண்ணன் சொன்னார். அது தவறு. லிஃப்ட் ஊழியர் குனிந்து இரண்டு பட்டைகளையும் பார்த்தார், தலையை அசைத்து என்னை உள்ளே விட்டார். பொறுப்பில் இருக்கும் அவருக்கே குறையாகத் தெரியாதது, பக்கத்தில் நின்றவருக்கு எப்படிக் குறையானது?

தகடு இல்லாவிட்டால் குதிகால் பக்கம் எப்படித் திரும்புவது என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்டிருந்தால் ஆசையோடு சொல்லியிருப்பேன். சாய்வதற்கு எதுவும் இல்லாததால் பாதத்தின் முன்பகுதியை மேலே இழுக்க வேண்டும். பட்டைகளுக்கு எதிராகப் பாதம் எழும்ப, அந்த இழுப்பில் குதிகால் விளிம்பு இறங்குகிறது. முழங்கால் மடிந்து இடுப்பு தாழ வேண்டும். உடல் எடை முழுவதும் விளிம்புக்கு மேலே வந்து அமர வேண்டும். கெண்டைக்கால் செய்த வேலையைத் கணைக்கால் எலும்பின் முன்பக்கத் தசை ஏற்றுக்கொள்கிறது, முதல் சில ஓட்டங்களிலேயே அது எரியத் தொடங்கிவிடும். பதிலுக்குக் கணுக்கால் நாலாபக்கமும் அசைய இடம் கிடைக்கிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது பலகை காலுக்குக் கீழே புரள்வதை உள்ளங்காலில் உணர முடிகிறது. ஆழமான புதுப்பனியில் இதன் சுகத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அங்கே விளிம்பை அழுத்திக் கடிக்க வைக்க வேண்டியதில்லை. பலகையின் அடிப்பரப்பு முழுவதும் மிதக்கிறது, உடலைச் சாய்த்தாலே திரும்புகிறது.

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் தன் பெண் குழந்தைகளுக்காக இரண்டு ஸ்கீ பலகைகளை இணைத்து உருவாக்கிய ஸ்னர்ஃபர் என்ற பனிப்பலகையில் பைண்டிங்கே கிடையாது. நின்றுகொண்டு, பலகையின் முன்முனையில் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். ஜேக் பர்ட்டன் 1977இல் வெர்மான்ட்டில் ஸ்னோபோர்டு செய்யும் தொழிலைத் தொடங்கியபோதும் இன்று நாம் பார்க்கும் உயரத் தகடு வந்திருக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஜெஃப் கிரெல் வடிவமைத்த பிறகுதான் ஹைபேக் பரவியது. இறுகிய பனியிலும் மென்மையான பூட்ஸோடு விளிம்பைப் பிடிக்க முடிந்தது அதனால்தான், அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் பத்து ஆண்டுகள்கூடக் கழியவில்லை, 1990களின் தொடக்கத்தில் ஸ்கேட்போர்டிலிருந்து வந்த இளைஞர்கள் அதே தகட்டைக் குட்டையாக அறுத்துக்கொண்டார்கள். கணுக்கால் அசைய வேண்டும் என்பதுதான் அவர்களுக்கும் காரணம். கனடாவில் நம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே, டிரவுட் லேக் பக்கத்து மலைகளில், பைண்டிங்கை முழுதாக எடுத்துவிட்டு கால் வழுக்காதபடி பலகைமேல் ஒட்டும் பாயும் கயிறும் வைத்து இறங்கியவர்கள் இருக்கிறார்கள். துருக்கியின் ரிஸே மாகாணத்தில் பெட்ரான் என்ற மலைக் கிராமத்தில், மரப்பலகையில் கயிற்றையும் ஒரு கோலையும் பிடித்து நின்றுகொண்டே பனியில் இறங்கும் பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. இவர்கள் எல்லோரும் பலகையை உடைத்தவர்களா?

நான் கழற்றியதற்குக் காரணம் ஒரு பெண்மணி. ஜப்பானின் நிசெகோ பக்கத்தில் பல குளிர்காலங்களைக் கழித்தவர், என்னைவிட மிகவும் மூத்தவர். பெரும்பனி கொட்டிய ஒரு காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் அவர் பலகையைப் பார்த்து, "தகடு எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பின்னால் வந்து பார் என்றார். அன்று அவர் இறங்கியதைப் பார்த்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக நான் ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டே மலையிறங்கியதைப் போலத் தோன்றியது. அவர் எனக்கு எதையும் விற்கவில்லை, கற்பிக்கவும் இல்லை. கேட்டேன், காட்டினார். தெரியாத ஒன்றைக் காணும்போது மனிதர் இப்படியும் நடந்துகொள்ளலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும் சரிவில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பீர்கள். அங்கே கடினம்தான். மெதுவாகப் போகிறேன், அல்லது ஹைபேக்கைத் திரும்ப மாட்டிக்கொள்கிறேன். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

"புதிதாகக் கற்பவர்கள் உங்களைப் பார்த்துக் கழற்றிவிடுவார்களே?" என்பது அடுத்தது. யாரையும் கழற்றச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. என் மகளுடைய பைண்டிங்கில் ஹைபேக் இருக்கிறது. அவள் விளிம்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு அது தேவை. "அடிபட்டால்?" என்கிறீர்கள். ஸ்னோபோர்டில் அதிகமாக அடிபடுவது மணிக்கட்டு. கெண்டைக்காலுக்குப் பின்னால் நிற்கும் தகடு மணிக்கட்டைக் காக்காது. கணுக்காலில் தாலஸ் எலும்பின் பக்கவாட்டு முறிவுக்கு 'ஸ்னோபோர்டர் முறிவு' என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தகடு உள்ள பைண்டிங்கோடு ஏறியவர்களுக்கு வந்து வந்துதான் அந்தப் பெயரே நிலைத்தது. என் பாதுகாப்பில் உண்மையான அக்கறை இருந்தால் மணிக்கட்டுக் கவசம் போட்டிருக்கிறேனா என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

இனி, இரண்டு இரவுகள் என்னைத் தூங்கவிடாததைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய வாரம் அதே வரிசையில், அதே இடத்தில், ஒரு வெள்ளைக்கார இளைஞன் ஹைபேக்கைப் பாதியாக அறுத்த பைண்டிங்கோடு நின்றான். அண்ணன் அவனிடம் போய்ப் பேசினார். "பழைய பாணி, அருமை" என்று தோளில் தட்டினார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், நானும் மகிழ்ந்தேன். ஒரு வாரம் கழித்து என் பலகையைப் பார்த்ததும் அதே வாயில், "தம்பி, மலிவாகக் கிடைத்ததா?" என்ற கேள்வி வருகிறது. அவன் செய்தால் அது பாணி, நான் செய்தால் அறியாமை. அவன் அறுத்தான் என்று எடுத்துக்கொண்ட மனம், எனக்கு மாட்டத் தெரியவில்லை என்று எப்படி முடிவு செய்தது?

இந்த மலைக்கு நாம் முதன்முதலில் வந்த நாள்களை அண்ணன் மறந்திருக்க மாட்டார். வாடகைக் கடையில் நாம் வாயைத் திறக்கும் முன்பே "முதல் தடவையா?" என்று கேட்பார்கள். பல குளிர்காலங்கள் கடந்தும் கேட்டார்கள். அந்தக் கேள்வி எப்படி வலிக்கும் என்று என்னிடம் சொன்னவரே அவர்தான். அந்நியர் கேட்டதைத் தாங்கிக்கொண்டேன். நம்மவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்னோபோர்டர்களையே இந்த மலைகள் உள்ளே விடாத காலம் உண்டு. 1983இல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் பனிமலை ஸ்னோபோர்டர்களுக்குக் கதவைத் திறந்தபோது அது பெரிய செய்தி. யூட்டாவின் ஆல்டாவிலும் டீர் வேலியிலும், வெர்மான்ட்டின் மேட் ரிவர் கிளென்னிலும் இன்றுவரை ஸ்னோபோர்டுக்கு இடமில்லை. "உங்கள் கையில் இருப்பது சரியான சாதனம் அல்ல" என்று சொல்லி வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் விளையாட்டு இது. அதற்குள் இருந்துகொண்டு இன்னொருவன் பலகையைச் சுட்டிச் சிரிக்க எப்படி மனம் வருகிறது?

அண்ணன் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. எங்களில் பலரைப் பனியில் முதலில் நிற்க வைத்தவர் அவர். அதனால்தான் இவ்வளவு வலி. என்னிடம் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். என் மகளிடம் திரும்பி, "அப்பாவை நல்ல பைண்டிங்காக வாங்கச் சொல்" என்றாரே, அதை விட முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள், "அடுத்த வாரம் மட்டும் அதை மாட்டிக்கொள்ளலாமா அப்பா, எல்லோரும் பார்க்கிறார்கள்." அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று காலை சொன்னேன். பனி எப்படி இருக்கிறது என்று பார்த்து மாட்டுவேன், யார் பார்க்கிறார்கள் என்று பார்த்து அல்ல.

வரும் சனிக்கிழமையும் வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு பனி பொழிந்தால் தகடு இல்லாமல்தான் வருவேன். பூட்ஸ் அளவு பொருந்துகிறவர்கள் யாராவது ஒரு ஓட்டம் முயன்று பார்க்க விரும்பினால் என் பலகையைத் தருகிறேன். அண்ணனுக்கும் தருவேன், எங்கள் இருவருக்கும் ஒரே அளவுதான்.