புகைபோக்கி எண்ணும் ஆக்சிஜன் கணக்கும்
புகைபோக்கியில் தொடர் கண்காணிப்புக் கருவியைப் பொருத்தி அதன் அளவுகளை நேரலையாக வெளியிட்டுவிட்டால் ஆலைகள் எதையும் மறைக்க முடியாது என்று ஆலைப் புகை பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை. கொதிகலன் பிரிவில் பணியாற்றிய காலத்தில், புகைக்குழாய் இணைப்பு ஒன்றில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கிழிந்து, உறிஞ்சு விசிறியின் இழுப்பில் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே போனதைக் கண்டிருக்கிறேன். கையை அருகில் கொண்டுபோனாலே அந்த இழுப்பு தெரியும். காற்று கலந்ததால் ஒரு கன மீட்டருக்கான தூசியின் அளவு திரையில் இறங்கியதே தவிர, வெளியேறிய தூசி ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வெளிக்காற்று கலந்தால் புகையில் ஆக்சிஜன் விழுக்காடு உயரும்; அதனால்தான் நிலக்கரிக் கொதிகலன்களின் அளவீட்டை, புகையில் 6 விழுக்காடு ஆக்சிஜன் மட்டுமே இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று திருத்திக் கணக்கிடும் முறை பல நாடுகளில் உள்ளது: புகையில் 13.5 விழுக்காடு ஆக்சிஜன் இருக்குமானால், 50 மில்லிகிராம் என்று காட்டும் எண் திருத்தத்துக்குப் பின் 100 ஆகிவிடும். ஆக்சிஜன் அளவைச் சேர்த்துத் தராத நேரலை எண், எத்தனை நொடிக்கு ஒருமுறை வந்தாலும், வரம்பு மீறப்பட்டதா என்பதைச் சொல்லாது. புகையைத் துணிப் பைகள் வழியே செலுத்தித் தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டி இருந்தால் கவலையில்லை என்று கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். நிலக்கரிக் குவியலிலிருந்தும் சாம்பல் ஏற்றும் இடத்திலிருந்தும் பறக்கும் தூசி அந்த வடிகட்டிப் பக்கமே போவதில்லை.