தார் கூடினால் ரோடு உறுதியாகிவிடாது

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி ரோட்டுக் குழிகளைப் பற்றி ஓர் அண்ணன், "தாரை மிச்சம் பிடிக்கிறார்கள், கலவையில் தாராளமாக ஊற்றினால் இருபது வருஷம் தாங்கும்" என்கிறார். பாதிதான் சரி. தார் குறைந்தால் கல் பெயரும், உண்மை. ஆனால் கூடினாலும் கெடும். தாரும் கல்லும் சேர்ந்த கலவையின் வடிவமைப்பில் வழக்கமாக 4 சதவீதம் அளவுக்குக் காற்றிடம், அதாவது உள்ளே காற்று நிற்கும் சிறு இடைவெளிகள், விடுவார்கள். அது 2 சதவீதத்துக்கும் கீழே போனால், டர்பன் வெயிலில் இளகும் தாருக்கு ஒதுங்க இடமில்லை. மேலே பிதுங்கிப் பளபளக்கும், லாரிச் சக்கரம் போன தடத்தில் பள்ளம் விழும். பஸ் பிரேக் பிடிக்கிற நிறுத்தங்களில் ரோடு அலை அலையாய்ச் சுருண்டிருக்குமே, அங்கெல்லாம் தார் பஞ்சமா என்ன?

சுமையைத் தாங்குவது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் உடைகல். தார் அதை ஒட்டிப் பிடிக்கவும் தண்ணீரைத் தடுக்கவும்தான். குழிக்குப் பெரிய எதிரி தண்ணீர். கலவை சூடாறிய பின் ரோலர் ஓட்டினால் சரியாக இறுகாது. காற்றிடம் 8 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மழைநீர் உள்ளே இறங்கும். குவார்ட்சைட் போன்ற கல்லிலிருந்து தாரையே உரித்துவிடும். அதைத் தடுக்கத்தான் 1 சதவீதம் அளவில் நீற்றிய சுண்ணாம்புப் பொடி சேர்ப்பது.

கவுன்சிலரிடம் கேட்பதானால், ரோட்டில் துளைத்தெடுத்த மாதிரியின் அடர்த்தி எவ்வளவு, வடிகால் எங்கே என்று கேளுங்கள் அண்ணே.