முதியோர் இல்லத்தைக் காப்பது அங்கே வேலை செய்பவரிடமிருந்து தொடங்க வேணும்

கொரோனா முடிந்தது என்று நாங்கள் எல்லாரும் அடுத்த கதைக்குப் போய்விட்டோம். ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் முதல் இரண்டு அலைகளுக்குள்ளேயே 3,900க்கும் மேற்பட்ட முதியவர்கள் இறந்துபோனார்கள். அவர்களைப் பராமரித்த ஊழியர்களிலும் 11 பேர் இறந்துபோனார்கள். முதல் அலையில் கனடா முழுதும் கொரோனாவால் இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படியான இல்லங்களில் இருந்தவர்கள். "வயசு போனவைதானே" என்று சொல்கிற ஆட்களோடு எனக்குக் கதையில்லை.

2020 மார்ச்சில் உறவினர்களை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். பாதுகாப்பு என்றார்கள். எங்கட தமிழ் ஆட்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். மறதி நோய் வந்த அம்மம்மாவுக்கு இருந்த கொஞ்ச இங்கிலீஷும் போய்விட்டது. தண்ணி வேணும், முதுகு நோகுது என்று தமிழில்தான் சொல்லுவா. பகலில் வந்து சோறு தீத்திவிட்ட மகள் வாசலோடு நின்றாள். அந்த மகள் செய்தது சும்மா பார்த்துவிட்டுப் போகிற வேலையில்லை. ஆள் பற்றாத இல்லங்களில் பராமரிப்பில் ஒரு பங்கைக் குடும்பங்கள்தான் சம்பளமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தன. அவர்களை வெளியே நிறுத்தியபோது அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் போடவில்லை.

வைரஸ் வேறு வழியால் போனது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பி.எஸ்.டபிள்யூ வேலை (முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்க்கிற வேலை) செய்கிற தமிழ்ப் பெண்களைத் தெரியாத வீடு இல்லை. காலையில் ஒரு இல்லம், பின்னேரம் இன்னொரு இல்லம், நடுவில் நெரிசலான பஸ். ஆசைக்கு ஓடவில்லை. முழுநேர வேலை கொடுத்தால் சலுகைகளும் கொடுக்க வேண்டிவரும் என்று பகுதிநேரமாகவே வைத்திருந்தார்கள். காய்ச்சல் என்று வீட்டில் நின்றால் அன்றைய காசு இல்லை. ஒருவர் ஒரு இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற உத்தரவு ஒன்ராறியோவில் ஏப்ரல் 22ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மார்ச் மாதமே அதைத் தொடங்கிவிட்டது. வந்த உத்தரவும் ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வருகிற ஊழியர்களைக் கட்டுப்படுத்தவில்லை!

பல இல்லங்களின் அறைகளோ 1972ஆம் ஆண்டுத் தரத்தில் கட்டியவை. நாலு கட்டில், இடையில் ஒரு திரைச்சீலை. அங்கே யாரை எங்கே தனிமைப்படுத்துவது?

கடைசியில் இராணுவத்தை அனுப்பினார்கள். ஐந்து இல்லங்களைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கை மே 26ஆம் திகதி வெளிவந்தது. அதில் ஒன்று எங்கட ஸ்காபரோவில் இருக்கிறது. படுக்கைப் புண்கள், நேரத்துக்குக் கிடைக்காத சாப்பாடு. வாசிக்கவே முடியவில்லை. இதெல்லாம் கொரோனா கொண்டுவந்த குறைகள் அல்ல, பல வருசமாக இருந்தவை.

2003இல் சார்ஸ் தொற்று வந்த அதே ரொறன்ரோ இது. சுகாதார ஊழியரைக் காக்க முழு அறிவியல் ஆதாரம் வரும்வரை காத்திருக்காதே என்று அதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்பெல் ஆணைக்குழு பிறகு எழுதிவைத்தது. 2020இல் மாஸ்க்கை எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள்.

பிறகு சில மாற்றம் வந்தது, மறுக்கவில்லை. 2020 செப்டம்பரில் உறவினரை அத்தியாவசியப் பராமரிப்பாளராக ஏற்றார்கள். ஒருவருக்கு நாளுக்குச் சராசரியாக நாலு மணி நேர நேரடிப் பராமரிப்பு இலக்கு என்று சட்டத்தில் எழுதினார்கள். ஆனால் அதே 2020இல், பாரிய அலட்சியம் என்று நிரூபித்தால்தான் கொரோனாத் தொற்றுக்கு இல்லங்கள் மீது வழக்கில் வெல்லலாம் என்றும் சட்டம் கொண்டுவந்தார்கள். அரசு தந்த மூன்று நாள் சம்பளத்தோடான சுகவீன விடுப்பும் 2023 மார்ச் 31ஆம் திகதியோடு போய்விட்டது. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். அடுத்த தொற்று வரும்போதும், காய்ச்சலோடு வேலைக்குப் போவதா, வாடகைக் காசை இழப்பதா என்று ஒரு அக்கா காலை ஐந்து மணிக்கு யோசிக்க வேண்டிவரும்.

அம்மா அப்பாவுக்கு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் லொபியின் அழகைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஊழியரில் எத்தனை பேர் முழுநேரம், ஏஜென்சியால் வருவோர் எத்தனை பேர், சுகமில்லை என்றால் சம்பளத்தோடு லீவு உண்டா, ஒரு அறையில் எத்தனை கட்டில் என்று கேளுங்கள். வோட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற வேட்பாளரிடமும் இதையே கேளுங்கள்.